பெயிண்ட் அடிப்பது என்ன பெரிய வேலையா?

கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் பெஞ்சு கூடும். நாங்கள் ஐந்து பேர். ஐவருமே புதுச்சேரி அரசாங்கத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தில் நாற்காலி தேய்த்து ஓய்ந்தவர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், அகவிலைப்படி இந்த மூன்றையும் பேசி முடித்த பிறகு, கருவூலத்தில் இருந்த நண்பர் என் கையைப் பார்த்துவிட்டார். நகக்கண்ணில் க்ரீம் நிறத்தில் பெயிண்ட்.

"என்ன முசியே, வீட்டுக்கு வெள்ளையடிச்சீரா?"

"இல்லை, காருக்கு. நானே அடித்தேன்" என்றேன்.

அவ்வளவுதான். "இந்த வயசுல இது என்ன தலையெழுத்து, காசை விட்டெறிஞ்சா ஒருத்தன் வந்து அடிச்சிட்டுப் போறான்" என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர், "எவ்வளவு கேட்டான்?" என்றார். "42,000" என்றேன். "பகல் கொள்ளை! பெயிண்ட் அடிப்பது என்ன பெரிய வேலையா?" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்று, அது நமக்குத் தகாத வேலை என்கிறது. மற்றது, அது ஒரு வேலையே இல்லை என்கிறது. நம்மைப் போன்ற பேனா பிடித்தவர்கள் வாயில் இந்த இரண்டும் சேர்ந்தேதான் வரும். அன்றைக்கு நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை, காரணம் இரண்டையும் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். பெஞ்சில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நண்பர்கள் படிப்பார்கள். படிக்கட்டும்.

முதலில் வண்டி. பிரிமியர் பத்மினி, 1984 மார்ச்சில் பதிவான வண்டி. 1991இல் இரண்டாம் கையாக வாங்கினேன். ஊரில் யாரும் பத்மினி என்று சொல்லமாட்டார்கள், ஃபியட் என்பார்கள். ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பி. 1089 சி.சி. இன்ஜின் இன்னும் அழைத்த குரலுக்கு வரும். பிரச்சினை உடம்பில்தான். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடந்துபோகும் தூரம். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும்.

தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 1999, 2004, 2009, 2014, 2019 என்று தவறாமல் புதுப்பித்து, 2024 மார்ச்சில் அடுத்தது வந்தது. கட்டணமே அப்போது 5,000 ரூபாய் ஆகியிருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அப்படி. ஆய்வாளர் முன்னால் கதவோரம் பொரிந்துபோன வண்டியை நிறுத்த முடியாது. பட்டறையில் கேட்டேன். 42,000 என்றார்கள். கடையில் பெயிண்ட் விலை கேட்டேன். நாலு லிட்டர் பெயிண்டுக்கும் 42,000த்துக்கும் நடுவே இருந்த தூரம் என் கண்ணில் கொள்ளையாகவே தெரிந்தது. மேல்நிலை எழுத்தராக இருந்தவன் அல்லவா, பில்லைப் பார்த்தாலே சிவப்பு மை தேடும் கை. நானே அடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். வேலையின்மேல் மதிப்பு வந்து கிளம்பவில்லை, வீம்பில்தான் கிளம்பினேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் பெங்களூரிலிருந்து, "அப்பா, எல்லாம் வீடியோவில் இருக்கு, ரெண்டு நாள் வேலைதான்" என்று நாலைந்து அனுப்பினான். அந்த வீடியோக்களில் தேய்க்கிற காட்சி பத்து விநாடி ஓடும், பின்னணியில் இசையோடு. பிறகு பளபளவென்று வண்டி. அந்தப் பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் 1950இல் பிறந்தவன். எனக்கு நாலு வயதில், 1954 நவம்பர் 1 அன்று ஊர் கைமாறியது. சட்டப்படி முழுமையாக மாறியது 1962 ஆகஸ்ட் 16இல். ஆனால் என்னைச் சேர்த்த பள்ளியில் எல்லாம் பிரெஞ்சுதான். அங்கே 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு, பொருள்களைப் பற்றிய பாடம். இரும்பு, தண்ணீர், மெழுகுவத்தி, உப்பு. 'லா ரூய்' என்றால் துரு. இரும்பு ஈரக்காற்றில் துருப்பிடிக்கும், உப்பு அதை விரைவுபடுத்தும், பூச்சு அதைத் தடுக்கும். ஊதா மையில் அழகான எழுத்தில் எழுதி, ஓரத்தில் கோடு போட்டு, மனப்பாடமும் செய்து ஒப்பித்தோம். பொருளைப் பற்றிய பாடம்தான், பொருளைத் தொட்டதில்லை. ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட யாரும் எங்கள் கையில் கொடுத்ததில்லை. பாடம் ஒப்பிக்காதவனுக்கு வாத்தியார் கொடுத்த பயமுறுத்தல் வேறு: "நீ ஊவ்ரியே ஆகத்தான் லாயக்கு." ஊவ்ரியே என்றால் தொழிலாளி. விரலில் ஊதா மை இருந்தால் வீட்டில் பெருமை. கிரீஸ் இருந்தால் கிணற்றடிக்கு விரட்டுவார்கள். அறுபது ஆண்டுக்கும் மேல் அதே கண்ணோடு வாழ்ந்துவிட்டேன்.

கொல்லைப்புறத்துக் கொட்டகையில் பிப்ரவரி முதல் வாரம் வேலையைத் தொடங்கினேன். பம்பர், விளக்குகள், பக்கவாட்டு பீடிங், கைப்பிடிகள் எல்லாவற்றையும் கழற்றினேன். ஒவ்வொரு திருகையும் எந்த இடத்தது என்று எழுதி மாத்திரை டப்பாக்களில் போட்டேன். இது குமாஸ்தா வேலை, இதில் மட்டும் நான் கெட்டிக்காரன். பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, உப்புத்தாளை எடுத்தேன்.

தேய்ப்பதைப் பற்றி எப்படிச் சொல்வது? பழைய பெயிண்ட் பொரிந்த இடத்தில் 80ஆம் நம்பர் தாளில் தொடங்கி, வெறும் இரும்பு தெரியும்வரை போக வேண்டும். துரு மேலே மிளகு அளவு தெரியும், கீழே அடை அளவு இருக்கும். இரும்பு வெளுத்ததும் உடனே துரு தடுக்கும் பிரைமர் பூச வேண்டும். எங்கள் காற்றில் காலையில் தேய்த்த இரும்பு மறுநாள் காலை மஞ்சள் பூத்திருக்கும், ஒருமுறை அப்படி ஆகி மறுபடி தேய்த்தேன். பிறகு பள்ளங்களுக்குப் பட்டி. பட்டியில் ஹார்டனர் கலந்தால் சில நிமிடத்தில் இறுகிவிடும். முதல் நாள் கலந்ததில் பாதி தட்டிலேயே கல்லாகிப் போனது. காய்ந்த பட்டியைச் சமமாகத் தேய்க்க வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும், கையை வைத்தால் அலை இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. மேலே கறுப்பை லேசாகத் தூவிவிட்டு, மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால், மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் நிற்கும். அப்படித் தூவித் தூவி, பின் 220, பின் பிரைமர், பின் வாட்டர் பேப்பரில் 400, 600, 800. பக்கெட்டில் தண்ணீர், தோளில் வலி. பானெட் ஒன்றை மட்டும் தேய்க்க எனக்கு மூன்று நாள் ஆனது.

பிரெஞ்சில் பிரைமருக்கு 'அப்ரே' என்று பெயர். ஆயத்தம் செய்தல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. சிறு வயதில் தெரிந்த சொல்தான், ஆனால் வேலையில் பெரும்பகுதி இந்த ஆயத்தம்தான் என்பது தாளைப் பிடித்த பிறகே புரிந்தது. தமிழிலும் பட்டறைக்காரர்கள் 'பட்டி அடிப்பது' என்று சொல்வதில்லை, 'பட்டி பார்ப்பது' என்கிறார்கள். வைத்தியம் பார்ப்பது மாதிரி.

என் பழைய பாவம் ஒன்றும் இதில் வெளியே வந்தது. சில ஆண்டுக்கு முன் முன்பக்க மட்கார்டு ஓரத்தில் துரு தெரிந்தபோது, கேட்டுக்கு அடித்து மிஞ்சிய எனாமலைப் பிரஷ்ஷால் பூசி மூடியிருந்தேன். இப்போது அதன்மேல் என்.சி. பெயிண்டை அடித்ததும், அதிலிருந்த தின்னர் கீழே இருந்த எனாமலைக் கடித்து, பால் ஆடை மாதிரி சுருட்டிவிட்டது. அந்த மட்கார்டை மறுபடி இரும்பு வரை உரித்தேன். எனாமலுக்கு அடியில் துரு நிம்மதியாக வளர்ந்திருந்தது.

என்.சி. என்று நான் சொல்வதைத்தான் நம் ஊரில் பொதுவாக 'டூகோ' என்கிறோம். அது ஒரு பழைய வணிகப் பெயர். 1920களில் அமெரிக்காவில் வந்த பூச்சு. அதற்கு முன் காருக்கு அடித்த வார்னிஷ் வகைகள் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். டூகோ மணிக்கணக்கில் காய்ந்தது. சீக்கிரம் காய்வதால் தூசி ஒட்டுவது குறைவு, அதனால்தான் கொட்டகையில் அடிக்க அதுவே தோது. பெயிண்ட் கடைப் பையன், "சார், டூ-கே அடிங்க, பாலிஷே வேணாம்" என்றான். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற சரக்கு இருக்கிறது. அந்தப் புகையை மூச்சில் வாங்கினால் ஆஸ்துமா பிடிக்கும். காற்றுக்குழாய் வைத்த முகமூடியும் தனி அறையும் இல்லாமல் வீட்டில் அடிக்கக் கூடாது. அந்தப் பையனுக்கு அது தெரியவில்லை. எத்தனை பட்டறைகளில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அதை அடிக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் சரியில்லை. என்.சி.யும் சாது அல்ல. 2,300 ரூபாய் கொடுத்து, இரண்டு பக்கமும் கரிக் குப்பி வைத்த முகமூடி வாங்கிக்கொண்டேன். தின்னர் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் அடித்த நாள்களில் என் மனைவி சாமி விளக்கைக்கூடச் சாயங்காலம் வரை ஏற்றவில்லை. "உங்க காருக்காகச் சாமியைப் பட்டினி போட்டாச்சு" என்றாள்.

கம்ப்ரஸரை நாள் வாடகைக்கு எடுத்தேன். முதல் நாள் பனி விலகுமுன் காலை ஆறரைக்கே தொடங்கினேன், வெயில் வருமுன் முடித்துவிடலாம் என்ற அவசரம். அடித்த கூரை கண்ணெதிரே பால் ஊற்றியது மாதிரி வெளுத்தது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. பிறகுதான் காரணம் புரிந்தது. 'பொருள்களைப் பற்றிய பாடத்தில்' பனி எப்படிப் படிகிறது என்றும் ஒரு பக்கம் இருந்தது. ஒப்பித்திருக்கிறேன். மறுநாள் மெதுவாகக் காயும் தின்னர் வாங்கி, பத்து மணிக்கு மேல், தரையில் தூசி எழாமல் தண்ணீர் தெளித்து, மறுபடி அடித்தேன். துப்பாக்கியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, நிறுத்தாமல், முந்தின பட்டையில் பாதி ஏறும்படி ஓட்ட வேண்டும். கை ஒரு விநாடி தயங்கினால் வடியும். என் வலது பின்கதவில் இரண்டு இடத்தில் வடிந்திருக்கிறது. தூரம் கூடினால் பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகும். பிரெஞ்சிலும் அதே பெயர்தான், 'போ தொரான்ஜ்'. கண்ணாடிகளை மறைக்க ஒட்டிய செய்தித்தாளின் மை தின்னரில் கரைந்து பின் கண்ணாடி ரப்பரில் ஒட்டிக்கொண்டது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அரை முகம் இன்றும் அங்கே லேசாகத் தெரிகிறது. நிறம் மட்டும் பழைய க்ரீமேதான். ஆர்.சி.யில் எழுதிய நிறத்தை மாற்றினால் அதற்கு வேறு விண்ணப்பம்.

இதற்கெல்லாம் நான் கணக்கு வைத்திருந்தேன். பழக்கம் விடுமா? 22 நாள், 134 மணி நேரம். அதில் தேய்த்தது மட்டும் 97 மணி. பட்டி 11. கழற்றி மாட்டியது 12. காகிதம் ஒட்டி மறைத்தது 9. நாம் எதை 'பெயிண்ட் அடிப்பது' என்கிறோமோ, அந்தத் துப்பாக்கி பிடித்த வேலை, பிரைமரும் சேர்த்து 5 மணி நேரம். சாமான், வாடகை, முகமூடி எல்லாம் சேர்த்து 17,850 ரூபாய். பட்டறை கேட்ட 42,000த்தில் இதைக் கழித்தால் 24,150. அதை 134 ஆல் வகுத்தால் மணிக்கு 180 ரூபாய். அந்த 180இல் கொட்டகை வாடகை, மின்சாரம், கம்ப்ரஸர் தேய்மானம், எடுபிடிப் பையன் சம்பளம், அப்புறம் அவர் வீட்டுச் சோறு.

"உங்களை மாதிரி 134 மணி அவனுக்கு ஆகாதே" என்று கருவூலத்தார் கேட்பார், எனக்குத் தெரியும். ஆகாதுதான். ஆனால் அங்கே இரண்டு பேர் தேய்ப்பார்கள், அவர்கள் கதவில் வடியாது, கூரை வெளுக்காது, மட்கார்டை இரண்டுமுறை உரிக்கமாட்டார்கள். வெளுத்தால் அந்தச் செலவும் அவர்களுடையது. என் வண்டியில் வெளுத்தபோது என்னை யாரும் பில்லில் கழிக்கவில்லை.

நகைக்கடையில் செய்கூலி சேதாரம் என்று என்ன போட்டாலும் தலையாட்டுகிறோம். தனியார் ஆஸ்பத்திரியில் நீட்டிய பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருகிறோம். குளிரூட்டிய கடைகளில் சீட்டில் உள்ள விலையே விலை. நம் வீரமெல்லாம் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவரிடம், செருப்புத் தைப்பவரிடம், பெயிண்டரிடம். கையில் அழுக்கு இருப்பவரிடம் மட்டும் பேரம். அரசாங்கம் நமக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி கொடுக்காவிட்டால் கொடி பிடிப்போம். பெயிண்டருக்கும் அதே கடையில்தான் அரிசி என்பது அப்போது நினைவுக்கு வராது.

"பெயிண்டர்கள் ஏமாற்றவில்லையா?" ஏமாற்றுகிறார்கள். துருவைச் சுரண்டாமல் அதன்மேல் அரைக் கிலோ பட்டியை அப்பி, பளபளவென்று அடித்து, ஒரு மழைக்காலத்தில் எல்லாம் கையோடு வரும் வேலையை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஆளை உண்டாக்கியது யார்? 42,000 என்றவரை 25,000த்துக்கு இழுத்தோம் என்றால், அவர் எதைக் குறைப்பார்? பளபளப்பைக் குறைத்தால் நாம் விடமாட்டோம். நம் கண்ணுக்குத் தெரியாததைத்தான் குறைக்க முடியும். தேய்ப்பைத்தான்.

இனி சொல்ல வேண்டியது இந்தக் கட்டுரையில் எனக்கு எழுதக் கடினமான பகுதி.

1998இல், முதல் புதுப்பித்தலுக்கு முந்தின வருடம், இந்த வண்டியின் இடது பக்கம் முழுவதையும் ஒரு மேஸ்திரி பார்த்துக் கொடுத்தார். ஒல்லியான மனிதர். அடிக்கும்போது மூக்கில் ஒரு ஈரத்துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. பில் 4,600. வண்டியை எடுக்கப் போனபோது இடது பின்கதவின் கீழ்ப்பாகத்தில் ஓர் அலை தெரிந்தது. வெயிலில் சாய்ந்து பார்த்தால்தான் தெரியும், நான் சாய்ந்து பார்த்தேன். அலுவலகத்தில் கோப்பைத் திருப்பி அனுப்புகிற அதே குரலில், "இது என்ன வேலை?" என்றேன்.

"சார், உள்ளே கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"உள்ளே இருக்கிறது எனக்கு எதுக்கு? வெளியே இருக்கிறதைச் சொல்லுங்க" என்றேன். 400 ரூபாய் கழித்துக்கொண்டு 4,200 எண்ணிக் கொடுத்தேன். "சரி சார், உங்க இஷ்டம்" என்று வாங்கிக்கொண்டார். இதை வீட்டில் வந்து சாமர்த்தியமாகச் சொல்லவும் சொன்னேன். என் மனைவிக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது நாலு கதவுகளின் உள்தட்டியையும் கழற்றியபோது, மூன்று கதவுகளின் அடியும் அரித்துப் போயிருந்தது. தண்ணீர் வடிய வேண்டிய துளைகள் மண்ணடைத்து, உள்ளேயே தேங்கித் தின்றிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்தால் உள்ளே போனது. இடது பின்கதவு மட்டும் கெட்டியாக இருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். உள்பக்கம், யாரும் பார்க்க முடியாத இடத்தில், ஒரு முழ நீளத்துக்குத் தகரத் துண்டு வெட்டி வைத்து, சுற்றிலும் பித்தளை உருக்கிப் பற்று வைத்திருந்தது. துளைகள் நாலும் சுத்தமாகத் திறந்திருந்தன. அதன்மேல் தார் பூசியிருந்தது. 26 வருடமாக அந்தத் தார் விரிசல் விடவில்லை.

பழைய பில்கள் எல்லாம் என்னிடம் உண்டு. எடுத்துப் பார்த்தேன். 'இடது பக்கம் பட்டி, பெயிண்ட்' என்று ஒரே வரி. தகரத்துக்கும் பித்தளைக்கும் ஒரு காசுகூடப் போடவில்லை. மெல்லிய தகட்டில் பித்தளை உருக்கும் சூடு பட்டால் தகடு நெளியும். அதை எவ்வளவு தேய்த்தாலும் கொஞ்சம் மிஞ்சும். நான் 400 ரூபாய் கழித்த அந்த அலை, அவர் எனக்கு இனாமாகச் செய்த வேலையின் தடம்.

தேடிப் போனேன். நெல்லித்தோப்பில் பட்டறை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரருக்கு நினைவிருந்தது. "இருமிட்டே இருப்பாரே, அவரா? அவர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு சார். பசங்க யாரும் இந்தத் தொழிலுக்கு வரலை, வெளியூர் போயிட்டாங்க" என்றார். அந்த 400 ரூபாயை யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற மூன்று கதவுகளின் அடியையும் வெல்டிங் பட்டறையில் கொடுத்து, அவர் செய்த மாதிரியே உள்ளே தகரம் வைக்கச் சொன்னேன். கேட்டதைக் கொடுத்தேன். நான் வைத்த கணக்கில் அந்தச் செலவைச் சேர்க்கவில்லை. இடது பின்கதவின் அலையை நான் தேய்த்துச் சமப்படுத்தவில்லை, அதன்மேலேயே அடித்துவிட்டேன். வெயிலில் சாய்ந்து பார்த்தால் தெரியும்.

வண்டி ஆய்வில் தேறிவிட்டது. ஆய்வாளர் வலது கதவில் வடிந்ததைப் பார்த்து, "எந்தப் பட்டறை சார்?" என்று மட்டும் கேட்டார்.

நேற்று பெஞ்சில் கருவூலத்தார் பேச்சை எடுத்தார். அவர் மாருதிக்குப் பானெட்டும் முன் மட்கார்டும் அடிக்க 12,000 கேட்கிறார்களாம். "உமக்குத்தான் இப்போ எல்லாம் தெரியுமே, கூட வந்து ஒரு 8,000க்கு முடிச்சுக் குடும்" என்றார். நான் சட்டைப் பையிலிருந்து 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், இதற்காகவே வைத்திருந்தேன். "பானெட்டில் கால்வாசி இடத்தை மட்டும் இதால தேய்ச்சிட்டு வாரும், பக்கெட்ல தண்ணி வெச்சுக்கும். நாளைக்குப் பேசலாம்" என்றேன்.

இன்று மாலை அவர் கடற்கரைக்கு வரவில்லை. தோள் வலியாம். அவர் வீட்டம்மாதான் போனில் சொன்னார்.